பெலட் வாங்க நான்கு வழிகள்: ஏஜென்டின் மறைகாசு எதில் குறைவு?

போன வருடம் வந்த கொள்கலனில் ஒரு சாக்கைப் பிரித்து, ஒரு பிடி பெலட்டை, அதாவது உருக்கி வார்க்கிற பிளாஸ்டிக் மணியை, அள்ளித் தண்ணீர் வாளியில் போட்டேன். பாதி மிதந்தது. மீதி அடியில் போய்த் தாண்டது. நாங்கள் கேட்டதும் காசு கட்டியதும் மீள்சுழற்சி எச்.டி.பி.ஈ. (அடர்த்தி கூடிய பொலித்தீன்) மணிகளுக்கு. அதன் அடர்த்தி 0.94 முதல் 0.97 வரைதான், ஆகவே தண்ணீரில் மிதக்க வேண்டும். தாண்டால் உள்ளே சுண்ணாம்புத் தூளோ வேறு பிளாஸ்டிக்கோ கலந்திருக்கிறது என்று அர்த்தம்.

யாழ்ப்பாணத்தில் அச்சுவேலிப் பக்கம் ஒரு சிறிய குழாய்த் தொழிற்சாலை நடத்துகிறேன். வெங்காயத் தறைக்கும் புகையிலைத் தோட்டத்துக்கும் கிணற்றிலிருந்து தண்ணீர் கொண்டுபோகிற கறுப்புக் குழாய்தான் எங்கள் பொருள். அந்தக் கொள்கலனைக் கொண்டுவந்து தந்தவர் ஒரு ஏஜென்ட். “அண்ணை, நீங்கள் ஒண்டும் யோசிக்க வேண்டாம், எல்லாம் நான் பாக்கிறன்” என்றார். சொன்னபடியே எல்லாவற்றையும் பார்த்தார். விற்பவரைத் தெரிந்தெடுத்ததும் அவர், மாதிரி சரி என்று சொன்னதும் அவர், கொழும்பில் சுங்கத்தில் எடுத்ததும் அவர். பிறகுதான் தெரிந்தது, விற்றவரிடமும் அவருக்குத் தொன்னுக்கு இவ்வளவு என்று ஒரு கணக்கு இருந்தது.

ஏஜென்ட் வேண்டாம் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. எங்கள் சரக்கு கொழும்பில் இறங்குகிறது, நாங்கள் 400 கிலோமீற்றர் தள்ளி இருக்கிறோம். யாராவது ஒருவர் எங்களுக்காக அங்கே நிற்கத்தான் வேண்டும். அவருக்கு எப்படிக் காசு கொடுப்பது, எந்த வேலையை அவரிடம் கொடுக்காமல் வைத்திருப்பது என்பதுதான் கேள்வி. அதற்கு நான் பார்த்த நான்கு வழிகளையும் இங்கே ஒன்றோடொன்று வைத்துப் பார்க்கிறேன். வடக்கில் பெலட் வாங்குகிற, வாங்க நினைக்கிற எல்லாருக்கும் இது உதவ வேண்டும்.

முதலில், காசு எங்கே ஒளிகிறது

கணக்குக்காக ஒரு 40 அடிக் கொள்கலனில் 24 தொன், தொன் 900 டொலர் என்று வைப்போம். மொத்தம் 21,600 டொலர்.

விற்பவர் ஏஜென்டுக்குத் தொன்னுக்கு 40 டொலர் கொடுக்கிறார் என்றால் அது 960 டொலர். விற்பவர் அதைத் தன் கையிலிருந்து கொடுப்பதில்லை. விலைக்குள் ஏற்றிவிடுகிறார். அதோடு நின்றால் பரவாயில்லை. சுங்கத்தில் வரி போடுவது பட்டியலில் உள்ள விலையின் மேல்தான். உலக வர்த்தக அமைப்பின் சுங்கப் பெறுமதி ஒப்பந்தம், 8ஆம் உறுப்புரையில், தரகும் கொமிஷனும் பெறுமதியில் சேர வேண்டும், ஆனால் வாங்குபவர் தன் சொந்த ஏஜென்டுக்குக் கொடுக்கிற கொள்வனவுக் கொமிஷன் சேராது என்று பிரித்து வைத்திருக்கிறது. அதாவது எங்கள் ஏஜென்டுக்கு நாங்களே வெளிப்படையாக, தனிப் பற்றுச்சீட்டில், ஒப்பந்தம் எழுதிக் கொடுக்கிற காசுக்கு இறக்குமதி வரி இல்லை. அதே காசு விலைக்குள் ஒளிந்து வந்தால் அதற்கும் சேர்த்து வரி கட்டுகிறோம். 18 வீத வற் வரியைப் பதிவுள்ளவர் பிறகு கழித்துக்கொள்ளலாம். 2.5 வீத சமூகப் பாதுகாப்பு உதவுதொகை அறவீடு திரும்பி வராது. பதிவில்லாத சிறு தொழிற்சாலைக்கு இரண்டும் போனது போனதுதான்.

அடுத்தது நாணய மாற்று. ஏஜென்ட் ரூபாவில் விலை சொல்லும்போது எந்த டொலர் விலையில் கணக்குப் பார்த்தார் என்று நாங்கள் கேட்பதில்லை. வங்கி விலையைவிட டொலருக்கு 3 ரூபா கூட வைத்தாலே ஒரு கொள்கலனில் 64,800 ரூபா. 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து சில மாதத்தில் 360ஐத் தாண்டிப் போனதை எல்லாரும் பட்டோம். அதன் பிறகு ‘ஆபத்துக்கு’ என்று ஒரு இடைவெளி வைத்துக்கொள்ளும் பழக்கம் நிறையப் பேரிடம் வந்துவிட்டது. ஏறினால் நட்டம் எங்களுக்கு, இறங்கினால் இலாபம் அவருக்கு என்று அந்த இடைவெளி இருக்கக் கூடாது.

எல்லாவற்றையும்விட வலிக்கிறது தரம். எச்.டி.பி.ஈ.யோடு 8 வீதம் சுண்ணாம்புத் தூள் கலந்தால் அடர்த்தி ஏறக்குறைய 1.00 ஆகிவிடும். சுண்ணாம்பின் அடர்த்தி 2.7 என்பதால் இப்படி. குழாயை நாங்கள் விற்பது மீற்றர் கணக்கில், மூலப்பொருள் வாங்குவது கிலோ கணக்கில். அடர்த்தி 0.95 இலிருந்து 1.00 ஆனால், அதே தடிப்பில் 100 மீற்றர் வர வேண்டிய இடத்தில் 95 மீற்றர்தான் வரும். 24 தொன்னில் 1.2 தொன், அதாவது 1,080 டொலர், காணாமல் போகிறது. மறைத்து வாங்கிய கொமிஷனைவிட இது பெரிய தொகை. இது எந்தப் பற்றுச்சீட்டிலும் இருக்காது, தேடினாலும் கிடைக்காது. அந்தக் குழாய் வெயிலில் கிடந்து ஒரு போகத்துக்குள் வெடித்தால் தோட்டக்காரர் என் வாசலுக்குத்தான் வருவார். அவருடைய பயிர் வாடிய நட்டத்துக்கு நான் என்ன பதில் சொல்வது?

துறைமுகப் பக்கத்துக் காசுகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன்: சரக்கை விடுவிக்கக் கப்பல் நிறுவனம் தருகிற சீட்டுக்கான டி.ஓ. கட்டணம், கொள்கலன் வைப்புப் பணம், கழுவும் காசு, நாள் பிந்தினால் தண்டம். இவற்றில் தண்டம்தான் கவனிக்க வேண்டியது. யாழ்ப்பாணத்துக்குக் கொள்கலனோடு கொண்டுவந்தால் வெறும் பெட்டியைத் திரும்பக் கொழும்பில் விட வேண்டும். போய்வர 800 கிலோமீற்றர். ஒரு போயா நாள், ஒரு நீண்ட வார இறுதி இடையில் வந்தால் தண்டமில்லாமல் பெட்டியை வைத்திருக்கிற இலவச நாட்கள் ஓடிவிடும். கொழும்பிலேயே பெட்டியைத் திறந்து லொறியில் மாற்றினால் அந்தப் பயம் இல்லை, ஆனால் சாக்கு கிழியும், எண்ணிக்கை குறையும். இலவச நாட்கள் எத்தனை என்பதைக் கப்பலில் இடம் பிடிக்கும்போதே எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். சரக்கு வந்த பிறகு கேட்டால் யாரும் தரமாட்டார்கள்.

ஒன்று: எல்லாம் ஒரே கையில்

‘வாசலில் கிலோ இவ்வளவு ரூபா’ என்று ஒரு விலை. தலையிடி இல்லை, வங்கி வாசல் ஏற வேண்டியதில்லை. தொழில் தொடங்கிய காலத்தில் எனக்கு இது பெரிய உதவி, அதை மறக்கவில்லை. ஆனால் மேலே சொன்ன எல்லாக் காசும் ஒளிவதற்கு இதைவிட வசதியான இடம் கிடையாது. ஒரே விலைக்குள் பொருளும் கப்பலும் வரியும் லொறியும் அவருடைய கூலியும் கிடக்கின்றன. எதைக் குறைக்கச் சொல்வது?

இதில் இன்னொரு ஆபத்து காசைவிடப் பெரியது. சில ஏஜென்ட்மார் எங்கள் வரி இலக்கத்திலேயே சரக்கை இறக்குவார்கள். சுங்கத்தில் சுத்தமான பெலட் 39.01 போன்ற வகைப்பாட்டுத் தலைப்பில் வரும். கழிவும் துண்டும் 39.15இல் வரும். ஒரே வகைத் தெர்மோபிளாஸ்டிக் கழிவை உருக்கி மணியாக்கினால் அது 39.15இலிருந்து வெளியே போகிறது. ஆனால் அரைத்த துண்டையும் அழுக்குக் கலவையையும் சாக்கில் போட்டுப் ‘பெலட்’ என்று எழுதினால் அது பெலட் ஆகாது. நாடுகளுக்கிடையே கழிவு அனுப்புவதைக் கட்டுப்படுத்துகிற பாசல் உடன்படிக்கையின் பிளாஸ்டிக் திருத்தம் 2021 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. கலந்த, அழுக்கான பிளாஸ்டிக் கழிவை இறக்கும் நாட்டின் முன் சம்மதம் இல்லாமல் அனுப்ப முடியாது. பிரித்தானியாவிலிருந்து பழைய மெத்தை, கம்பளம் என்ற பெயரில் வந்த 263 கொள்கலன் கழிவின் கதை எங்கள் நாட்டிலேயே நடந்தது. கடைசித் தொகுதி 2022 பெப்ரவரியில்தான் திரும்பப் போனது. கடதாசியில் யாருடைய பெயர் இருக்கிறதோ அவரைத்தான் சுங்கம் கேட்கும். ஏஜென்ட் அப்போது போனை எடுப்பாரோ தெரியாது.

இந்த வழியை ஒரு நிபந்தனையோடுதான் சொல்வேன்: பொருள் உங்கள் வாசலில் இறங்கி, நீங்கள் சோதித்த பிறகுதான் காசு என்றால் சரி. முன்பணம் கேட்டால் வேண்டாம்.

இரண்டு: நாங்களே நேரடியாக

ஏஜென்டைத் தூக்கிவிட்டால் ஏஜென்ட் செலவு போய்விடும் என்று நானும் ஒரு காலம் நம்பினேன். விற்பவருக்கு மின்னஞ்சல், வங்கியில் எல்.சி. (கேட்ட ஆவணங்களை விற்பவர் தந்தால் வங்கி காசு கட்டும் என்ற உறுதிக் கடிதம்), கொழும்பில் ஒரு கிளியரிங் ஆள். அவ்வளவுதானே? ஆனால் செலவு போகவில்லை, இடம்தான் மாறியது. எங்கள் நாள் போகிறது, எல்.சி. திறக்கவும் திருத்தவும் காசு போகிறது, கண்ணால் காணாத ஒருவரை நம்புகிற ஆபத்து முழுக்க எங்கள் தலையில் வருகிறது.

எல்.சி. இருந்தால் பயமில்லை என்பது பாதி உண்மை. வங்கிகள் பின்பற்றுகிற யூ.சி.பி. 600 விதியின்படி வங்கி பார்ப்பது ஆவணத்தை. பொருளை அது பார்க்காது. சாக்குக்குள் மண் இருந்தாலும் கடதாசி சரியாக இருந்தால் காசு போய்விடும். ஆகவே எல்.சி.யில் என்ன ஆவணம் கேட்கிறோம் என்பதில்தான் எங்கள் பலம் இருக்கிறது. அதைக் கீழே சொல்கிறேன். வங்கி வழியாக நேரே அனுப்புகிற (டி.டி.) முன்பணத்துக்கு அந்தப் பலமும் இல்லை. விற்பவரின் மின்னஞ்சலில் வேறொருவர் புகுந்து ‘வங்கிக் கணக்கு மாறிவிட்டது’ என்று எழுதுகிற மோசடியும் இங்கேதான் நடக்கிறது. கணக்கு இலக்கம் மாறினால், பழைய இலக்கத்துக்குப் போன் எடுத்துக் குரலைக் கேட்காமல் ஒரு சதமும் அனுப்பாதீர்கள்.

ஒரே விற்பவரிடம் மாதம் ஒரு கொள்கலன் எடுக்கிறவர், ஒருமுறையாவது அங்கே போய்த் தொழிற்சாலையைப் பார்த்தவர், இந்த வழியில் போகலாம். எங்கள் அளவில் உள்ளவர்களுக்கு இதற்கு இன்னும் காலம் வரவில்லை.

மூன்று: இங்கேயே வாங்குவது

கொழும்பில் ஏற்கெனவே இறக்கி வைத்திருப்பவரிடம் அல்லது நாட்டுக்குள் மீள்சுழற்சி செய்பவரிடம் வாங்குவது. கிலோ விலை கூடுதலாகத் தெரியும். ஆனால் சாக்கைப் பிரித்து, வாளியில் போட்டு, ஒரு சாக்கைக் கொண்டுவந்து மெஷினில் ஓட்டிப் பார்த்த பிறகு காசு கொடுக்கலாம். டொலர் இல்லை, சுங்கம் இல்லை, தண்டம் இல்லை. மறைகாசு என்று பார்த்தால் இதில்தான் ஆகக் குறைவு. மூன்று மாதத்துக்கு ஒரு கொள்கலனுக்கும் குறைவாகப் பாவிக்கிறவருக்கு, நான் கணக்குப் பார்த்த வரையில், இறக்குமதி கட்டுப்படியாகாது. கிலோவுக்கு மிச்சம் பிடிப்பது ஒரு பிழையான கொள்கலனோடு போய்விடும்.

இதில் குறை என்னவென்றால் தொடர்ச்சி. இந்த மாதம் வந்த தரம் அடுத்த மாதம் வராது. குழாய்க்கு உருகியோடும் அளவு (உருக்கினால் பத்து நிமிடத்தில் எத்தனை கிராம் ஓடுகிறது என்பது) குறைவாக, ஒன்றுக்கும் கீழே, இருக்க வேண்டும். வாளி, கதிரை வார்க்கிற மணி அப்படியல்ல, அது இலகுவில் ஓடும். இங்கே சேர்க்கிறபோது இரண்டும் கலந்துவிடுகிறது. பிரித்துச் சேர்க்க ஆள் இல்லை. கல்லுண்டாய்க் குப்பைமேட்டில் எங்கள் ஊர்ப் பிளாஸ்டிக் குப்பையாகக் கிடக்க, அதே பிளாஸ்டிக்கை நாங்கள் டொலர் கொடுத்துக் கப்பலில் எடுப்பது மனதுக்கு மிகவும் கஷ்டமாக இருக்கிறது. வீட்டிலேயே போத்தல் மூடியையும் ஷாம்பூப் போத்தலையும் தனியாகப் பிரிக்கத் தொடங்கினால் இந்த மூன்றாவது வழிதான் எல்லாருக்கும் முதல் வழியாகும். அந்த நாள் வரவேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

நான்கு: வேலையை மூன்றாகப் பிரிப்பது

இப்போது நான் போகிற வழி இது. பொருளைத் தேடுகிறவர் ஒருவர், சோதிக்கிறவர் இன்னொருவர், துறைமுகத்தில் எடுக்கிறவர் மூன்றாமவர். மூவருக்கும் காசு கொடுப்பது நான். ஒருவருக்கும் மற்றவரோடு கொடுக்கல் வாங்கல் இல்லை.

தேடுகிறவருக்கு வீதக் கணக்கு இல்லை. விலையில் 3 வீதம் என்றால் விலை ஏறும்போது அவருடைய கூலியும் ஏறும், பிறகு ஏன் எனக்காக விலை பேசப் போகிறார்? தொன்னுக்கு ஒரு நிலையான தொகை. 15 டொலர் என்று வைத்தால் 24 தொன்னுக்கு 360. பாதி கப்பல் ஏறியதும், மீதி இங்கே மெஷினில் ஓட்டி அளந்த பிறகு. விற்பவரிடமிருந்து எந்த வடிவத்திலும் காசு வாங்குவதில்லை என்று அவர் எழுதித் தர வேண்டும். ஏஜென்டுக்கு எதுவும் கொடுப்பதில்லை, கொடுத்தால் அந்தத் தொகையை விலையிலிருந்து கழிப்போம் என்று விற்பவரும் விலைப்பட்டியலிலேயே கையெழுத்திட வேண்டும். விலைப்பட்டியல் விற்பவரிடமிருந்து நேரே எனக்கு வர வேண்டும். இதைக் கேட்டபோது ஒருவர் கோபித்துக்கொண்டு போனார். இன்னொருவர், “அப்ப தொன்னுக்கு 18 தாங்கோ” என்றார். கொடுத்தேன். கண்ணுக்குத் தெரிகிற 18, தெரியாத 40ஐவிட எனக்கு மலிவு.

சோதிக்கிறவர் எஸ்.ஜி.எஸ்., பியூரோ வெரிட்டாஸ், இன்டர்டெக் போன்ற சர்வதேசச் சோதனை நிறுவனம் ஒன்றாக இருக்கலாம். ஒரு நாள் வேலைக்குச் சில நூறு டொலர். அவரை நியமிப்பதும் காசு கட்டுவதும் நாங்களாக இருக்க வேண்டும். விற்பவர் ‘ஏற்கெனவே சோதித்த சான்றிதழ்’ காட்டினால் வாங்கி வையுங்கள், நம்பி இருக்காதீர்கள். 25 கிலோச் சாக்காக 1,000 சாக்கு இருந்தால் அதில் 32ஐ, அதாவது வர்க்கமூல அளவை, அவரே தெரிந்தெடுத்து மாதிரி எடுக்கச் சொல்லலாம். வாசலில் அடுக்கிய சாக்கு மட்டும் போதாது, நடுவிலிருந்தும் அடியிலிருந்தும் வேண்டும். கேட்க வேண்டிய அளவுகள்: 190 பாகையில் உருகியோடும் அளவு, அடர்த்தி, ஈரம், எரித்த பிறகு மிஞ்சும் சாம்பல். 600 பாகையில் எரித்தால் பிளாஸ்டிக் போய்விடும், சுண்ணாம்பு நிற்கும், கலப்படம் தெரிந்துவிடும். கறுப்பு மணியில் கார்பன் கறுப்பும் இருப்பதால் அதையும் எரித்து முடிக்கச் சொல்ல வேண்டும். ஒவ்வொன்றுக்கும் எல்லை எண் போட்டு, அந்தச் சான்றிதழை எல்.சி.யின் கட்டாய ஆவணமாக எழுதிவிட்டால், ஆவணத்தை மட்டும் பார்க்கிற வங்கியே எங்கள் காவலாளியாகிவிடும். சான்றிதழ் இல்லாமல் விற்பவருக்குக் காசு போகாது.

ஏற்றுகிறபோது அதே ஆள் பெட்டியை முத்திரையிட்டு இலக்கத்தைச் சான்றிதழில் எழுத வேண்டும். நல்ல சாக்கைக் காட்டிவிட்டு வேறு சாக்கை ஏற்றுவது இந்தத் தொழிலில் புதிதல்ல.

கப்பல் வாடகையை விற்பவரிடம் விடாமல் எப்.ஓ.பி. முறையில் நாங்களே பேசுவதும் இந்த வழியோடு சேர்ந்தது. வாடகையும் காப்புறுதியும் விற்பவரே சேர்த்துச் சொல்கிற சி.ஐ.எப். விலையில் வாடகை மலிவாகத் தெரியும், பிறகு கொழும்பில் அந்தக் கப்பல்காரரின் உள்ளூர்க் கட்டணப் பட்டியல் நீளும். யாரை நாங்கள் தெரிந்தெடுத்தோமோ அவரிடம்தான் பேரம் பேச முடியும்.

மூன்றாமவர், கிளியரிங் செய்பவர். ஒரு பெட்டிக்கு இவ்வளவு என்று அவருடைய கூலி தனியே. வெளியே கட்டுகிற ஒவ்வொரு காசுக்கும் எங்கள் பெயரில் மூலப் பற்றுச்சீட்டு. ‘இதர செலவு’ என்று ஒரு வரி இருந்தால் கணக்கைத் திருப்பி அனுப்புகிறேன். பற்றுச்சீட்டு இல்லாத செலவுக்கு என்னிடம் காசு இல்லை என்று முதலே சொல்லிவிட்டேன், அவரும் இப்போது கேட்பதில்லை. எந்தத் தலைப்பில் இறக்குவது என்பதையும் அவருடைய வசதிக்கு விடவில்லை. புதுவகை மணி என்றால் மாதிரியைக் கொடுத்து, கப்பல் ஏறும் முன்பே சுங்கத்திடம் வகைப்படுத்தல் தீர்மானம் கேட்கிறோம்.

இவ்வளவுக்கும் செலவு? தேடுகிறவருக்கு 18 டொலர் வீதம் 432, சோதனைக்கு ஒரு 350 என்று வைத்தால் 782 டொலர். மறைந்த கொமிஷன் 960, சுண்ணாம்பில் போனது 1,080, நாணய மாற்றில் 64,800 ரூபா என்ற முதல் கணக்கோடு வைத்துப் பாருங்கள். இந்த வழிக்கும் குறை உண்டு. மூன்று பேரோடு பேச வேண்டும், ஒருவர் பிந்தினால் மற்றவர் நிற்பார். முதல் கொள்கலனுக்கு எனக்கு இரண்டு வாரம் கூடப் போனது. இரண்டு மாதத்துக்கு ஒரு கொள்கலனாவது எடுக்காதவருக்கு இந்த மினக்கேடு மிஞ்சும்.

சேர்ந்து வாங்குவது

அந்த அளவு இல்லாதவர்கள் மூன்று பேர் சேர்ந்து நான்காவது வழியில் போகலாமா என்று சுன்னாகத்திலும் கிளிநொச்சியிலும் உள்ள நண்பர்களோடு பேசிக்கொண்டிருக்கிறேன். கூட்டுறவுச் சங்கம் கண்ட மண் இது, முடியாதது இல்லை. சிக்கல் இரண்டு. சுங்கக் கடதாசியில் ஒருவருடைய பெயர்தான் இருக்கும், வற் கழிவும் அவருக்குத்தான். மற்ற இருவருக்கும் அவர் முறையாகப் பற்றுச்சீட்டுப் போட்டு விற்க வேண்டும். இன்னொன்று, பேர் கொடுப்பவர் தன்னை அறியாமலே மற்றவர்களுக்கு ஏஜென்ட் ஆகிவிடுகிறார். நல்ல சாக்கு யாருக்குப் போகிறது, பிந்திய நாளின் தண்டத்தை யார் கட்டுவது என்ற கேள்விகள் நண்பர்களுக்குள்ளேயே வரும். அதனால் பெட்டி திறக்கும்போது மூவரும் நிற்பது, சாக்கு இலக்கத்தைச் சீட்டுக் குலுக்கிப் பிரிப்பது, பேர் கொடுப்பவருக்கும் தொன்னுக்கு இவ்வளவு என்று வெளிப்படையாக ஒரு கூலி வைப்பது என்று எழுதிக்கொண்டிருக்கிறோம். குழாய் செய்கிறவர்கள் மட்டும் சேர்கிறோம். வாளி வார்க்கிற நண்பர் ஒருவரும் கேட்டார், அவருக்கு வேண்டியது இலகுவில் ஓடுகிற மணி. ஒரே பெட்டியில் இரண்டு தரம் ஏற்றினால் சோதனைக் காசு இரட்டிப்பாகும் என்பதால், அவருக்கு இப்போதைக்குக் கொழும்பில் சாக்கைப் பிரித்துப் பார்த்து வாங்கச் சொல்லியிருக்கிறேன்.